மகளைக் கொடுத்த சோழர்கள், அரியணையை எடுத்த பேரன்: வேங்கி வாரிசுச் சண்டை, புதிதாகப் படிப்பவர்களுக்கு

முதலாம் குலோத்துங்க சோழன் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1070-இல் பட்டத்துக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆண்டவர். அவருடைய அப்பா சோழர் இல்லை. ஆந்திரக் கடற்கரையில் வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கியர். அப்பாவைப் பெற்றவரும் சாளுக்கியர்தான். ஆனால் அம்மா சோழ இளவரசி, அப்பத்தா சோழ இளவரசி, கட்டிய மனைவியும் சோழ இளவரசி. அப்பா வழியில்தான் பட்டம் என்று கறாராக இருந்த ஒரு வம்சத்தின் அரியணையில் இப்படி ஒருவர் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதைப் புரிந்துகொண்டால், உலகத்தில் பாதி வாரிசுரிமைப் போர்கள் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஒரு நாட்டு இளவரசன் இன்னொரு நாட்டு இளவரசியைக் கட்டினால், அந்தக் கல்யாணத்தால் மட்டும் யாருக்கும் நாடு கிடைத்துவிடுவதில்லை. கிடைப்பது இரண்டு விஷயம். ஒன்று, பெண் கொடுத்த வீட்டுக்கு அந்த நாட்டு விவகாரத்தில் தலையிட ஒரு சாக்கு. இன்னொன்று, பிறக்கப்போகிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அப்பா வீட்டில் உரிமை உண்டு, அம்மா வீட்டில் உரிமை இல்லை, ஆனால் அம்மா வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் 'நான் இருக்கிறேனே' என்று கேட்க ஒரு வாய் உண்டு. தலையிடும் சாக்கு உடனே வேலை செய்யும். பிள்ளையின் உரிமை வேலை செய்ய ஒரு தலைமுறையோ இரண்டோ ஆகும், ஆனால் அதுதான் பெரிய வெடி.

வேங்கியில் இரண்டும் நடந்தன, அதுவும் ஒரே குடும்பத்தில், வரிசையாக.

வேங்கி நாடு கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவே உள்ள நெல் விளையும் பூமி. பாதாமியை ஆண்ட இரண்டாம் புலிகேசி தன் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனனை அங்கே வைத்தார். 7-ஆம் நூற்றாண்டில் அந்தத் தம்பியின் கிளை தனி அரசாகிவிட்டது. அதைத்தான் கீழைச் சாளுக்கியர் என்கிறோம். மேற்கே தக்காணத்தில் பின்னாளில் கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு எழுந்தவர்கள் மேலைச் சாளுக்கியர். வேங்கி எங்கள் பங்காளி வீடு, நாங்கள் சொல்வதுதான் அங்கே நடக்க வேண்டும் என்பது கல்யாணிக்காரர்களின் நினைப்பு. தெற்கே தஞ்சாவூரில் முதலாம் ராஜராஜனுக்கோ, வேங்கி கல்யாணியின் கைக்குப் போனால் வடக்குப் பக்கம் முழுக்க எதிரி உட்கார்ந்துவிடுவான் என்ற கவலை. இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே ஒரு வளமான சிறிய அரசு. இந்த மாதிரி நாட்டில் ராஜாவாகப் பிறப்பது பெரிய கொடுப்பினை என்று சொல்ல மாட்டேன்.

973-இல் ஜடாசோட பீமன் என்ற தலைவன், சோடர் என்ற தெலுங்குக் குலத்தைச் சேர்ந்தவன், வேங்கி மன்னன் தானார்ணவனைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொண்டான். தானார்ணவனின் பிள்ளைகள் சக்திவர்மன், விமலாதித்தன் இருவரும் தப்பித்துச் சோழ நாட்டுக்கு வந்துவிட்டார்கள். ராஜராஜன் இவர்களுக்கு இடம் கொடுத்தார், படை கொடுத்தார், பீமனைத் தோற்கடித்து 1000-ஆம் ஆண்டு வாக்கில் சக்திவர்மனை மறுபடி வேங்கியில் உட்கார வைத்தார். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகளையே கொடுத்தார்.

அந்த மகளின் பெயர் குந்தவை. வந்தியத்தேவரை மணந்த குந்தவை இவர் இல்லை. அவர் ராஜராஜனின் அக்காள். அக்காள் பெயரை மகளுக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பலரும் இங்கே குழம்புகிறார்கள்.

அண்ணனுக்குப் பிறகு 1011-இல் விமலாதித்தன் வேங்கி மன்னரானார். குந்தவைக்கு ஒரு மகன் பிறந்தான், அவனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள்: ராஜராஜன். வரலாற்றில் ராஜராஜ நரேந்திரன். ஒரு சாளுக்கியப் பட்டத்து இளவரசனுக்குச் சோழச் சக்கரவர்த்தியின் பெயர் என்றால், வேங்கி யார் பக்கம் என்பதற்குத் தனியாக ஒப்பந்தம் வேண்டியதில்லை. ஆனால் விமலாதித்தனுக்கு மேளமா என்று இன்னொரு அரசியும் உண்டு. அவருக்கு ஒரு மகன், ஏழாம் விஜயாதித்தன் என்று வரலாற்றில் எண் போட்டுச் சொல்லப்படுபவர்.

சரி, இப்போது முடிச்சு எங்கே விழுகிறது என்று தெரிந்திருக்கும். நம் ஊரில் இரண்டு தாரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே பாகப்பிரிவினைத் தகராறு வந்தால் தாய்மாமன் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வாரே, அதேதான் நடந்தது; ஒரே வித்தியாசம், இந்தத் தாய்மாமனிடம் யானைப்படை இருந்தது. ராஜராஜ நரேந்திரனுக்குத் தாய்மாமன் முதலாம் ராஜேந்திர சோழன். கங்கை வரைக்கும் படை அனுப்பியவர். அந்தப் பலம் இல்லாத விஜயாதித்தன் கல்யாணி மன்னன் ஜெயசிம்மனிடம் போனான். ஜெயசிம்மனுக்கும் இப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. சோழன் மருமகன் வேங்கியில் உட்காரக் கூடாது என்று தானே போய்ச் சண்டை போட்டால் அது படையெடுப்பு. நியாயமான வாரிசுக்கு உதவப் போகிறேன் என்றால் அது தர்மம்.

இதை ஒரு பொது விதியாகவே பிடித்துக்கொள்ளலாம். வாரிசுரிமைப் போரில் வெளி அரசுகள் வாரிசை உண்டாக்குவதில்லை, ஏற்கனவே இருக்கும் ஒருவனைத் தேடிப் பிடிக்கின்றன. மண உறவு அந்தத் தேடலைச் சுலபமாக்குகிறது. ஒரு ராஜாவுக்கு இரண்டு வீட்டில் மாமனார் இருந்தால் எதிரிக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

விமலாதித்தனின் ஆட்சி 1018 வாக்கில் முடிந்துவிட்டதாகக் கணக்கு. மகன் ராஜராஜ நரேந்திரனின் முடிசூட்டு விழா நடந்தது 1022 ஆகஸ்டில். நடுவில் உள்ள அந்த நாலு வருட இடைவெளிதான் வாரிசுச் சண்டை என்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ராஜேந்திரன் மேற்கே முயங்கி என்ற இடத்தில் ஜெயசிம்மனைத் தோற்கடித்தார், அவருடைய இன்னொரு படை வேங்கிக்குள் நுழைந்தது, அதற்கப்புறம்தான் மருமகனுக்குக் கிரீடம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1031 வாக்கில் விஜயாதித்தன் மறுபடி வேங்கியைப் பிடித்துக்கொண்டான். ராஜேந்திரன் மறுபடி படை அனுப்பினார். கலிதிண்டி என்ற இடத்தில் நடந்த போரில் சோழர் பக்கத்துத் தளபதிகள் மூன்று பேர் இறந்துபோனார்கள், அதில் ஒருவர் திருக்கோவிலூர்ப் பக்கத்து மிலாடு நாட்டுத் தலைவர். அவர்கள் நினைவாக அங்கேயே மூன்று சிவன் கோயில் கட்டி நிலம் கொடுத்தார் ராஜராஜ நரேந்திரன். தன் அரியணைக்காகத் தென்பெண்ணைக் கரைக்காரர் ஒருவர் கோதாவரிப் பக்கம் போய் உயிரை விட்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் இன்னொரு கல்யாணம். ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கதேவியை ராஜராஜ நரேந்திரனுக்குக் கொடுத்தார். தாய்மாமன் மகள், நம் கணக்கில் சுத்தமான முறைப்பெண். இவர்களுக்குப் பிறந்தவன்தான் பின்னாளில் குலோத்துங்கன். பிறந்தபோது வைத்த பெயர் ராஜேந்திரன், மறுபடியும் அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். இந்தப் பையனுக்கும் தாய்மாமன் மகளையே கட்டினார்கள்: ராஜேந்திரனின் மகன் இரண்டாம் ராஜேந்திரன், அவர் மகள் மதுராந்தகி. ஆக மூன்று தலைமுறை, மூன்று சோழப் பெண்கள், ஒரே வீட்டுக்கு.

இப்படித் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பெண் கொடுப்பது பாசத்தால் வந்த பழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் கணக்கும் இருக்கிறது. ஒரு கல்யாணத்தின் அரசியல் பலன் ஒரு தலைமுறைக்குத்தான். பேரன் காலத்தில் உறவு தூரமாகிவிடும், அவன் வேறு வீட்டில் பெண் எடுத்தால் அந்த வீட்டு மாமன் வந்து உட்கார்ந்துகொள்வான். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உறவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் தேவாலயம் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யத் தடை போட்டிருந்தது, அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும். தென்னிந்தியாவில் மாமன் மகள் என்றால் அதுவே முதல் தேர்வு. சோழர்கள் அந்த வழக்கத்தை வெளியுறவுக் கொள்கையாகவே நடத்தினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் புதுப்பிக்கப் புதுப்பிக்க வேறொன்றும் சேர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும் வேங்கிப் பிள்ளையின் உடம்பில் சோழ ரத்தம் கூடியது. குலோத்துங்கனை எடுத்துக்கொண்டால் அவன் ராஜராஜ சோழனுக்குப் பெண் வழிக் கொள்ளுப்பேரன், ராஜேந்திரனுக்கு மகள் வயிற்றுப் பேரன், இரண்டாம் ராஜேந்திரனுக்கு மருமகன். வேங்கியைக் கட்டிப்போட முறுக்கிய கயிற்றின் இன்னொரு முனை தங்கள் அரண்மனையில் கட்டியிருக்கிறது என்பதைச் சோழர்கள் யோசித்தார்களா, தெரியாது.

இதற்கிடையே கல்யாணியோடு சண்டை ஓயவே இல்லை. ஜெயசிம்மனுக்குப் பிறகு வந்த முதலாம் சோமேசுவரன் (ஆகவமல்லன் என்று நம் கல்வெட்டுகள் சொல்லும் ஆள்) வேங்கியைத் தன் கீழ் கொண்டுவரப் பாடுபட்டார். அவர் மூத்த மகன் வேங்கிபுரவரேசுவரன் என்றே பட்டம் போட்டுக்கொண்டான். 1054 வாக்கில் கொப்பத்துப் போரில் ராஜேந்திரனின் மூத்த மகன் ராஜாதிராஜன் யானை மேலேயே இறந்தார். 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று கல்வெட்டுகள் சொல்வது அவரைத்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடி அந்தப் போரை ஜெயித்ததாகச் சோழர் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை) சொல்கிறது. வேங்கி மட்டுமே இந்தப் போர்களுக்கெல்லாம் காரணம் என்று சொன்னால் அது மிகை. துங்கபத்திரை எல்லைத் தகராறு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சமாதானம் பேசவே முடியாமல் செய்தது வேங்கிதான்.

1061 வாக்கில் ராஜராஜ நரேந்திரன் காலமானார். மகாபாரதத்தைத் தெலுங்கில் எழுதத் தொடங்கிய நன்னயாவை ஆதரித்தவர் என்ற வகையில் ஆந்திரத்தில் அவருக்கு இன்றைக்கும் பெயர் உண்டு. மகன் இருக்கிறான், ஆனால் பட்டம் அவனுக்கு வரவில்லை. கிழட்டுச் சித்தப்பா விஜயாதித்தன், அதே மேளமா மகன், பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டான். முதலில் தன் மகன் இரண்டாம் சக்திவர்மனுக்கு முடிசூட்டினான், அவன் கொஞ்ச நாளிலேயே இறந்துபோக, தானே உட்கார்ந்தான். இதற்கப்புறம் நடந்ததுதான் படிக்கும் எல்லாரையும் குழப்பும்.

1063-இல் சோழ மன்னரானவர் வீரராஜேந்திரன், ராஜேந்திரனின் இன்னொரு மகன். அதாவது குலோத்துங்கனுக்குச் சொந்தத் தாய்மாமன். அவர் பெசவாடா பக்கம், இன்றைய விஜயவாடாவில், மேலைச் சாளுக்கியப் படையைத் தோற்கடித்து வேங்கியை மீட்டார். மீட்டு யாரிடம் கொடுத்தார்? அக்காள் மகனிடம் இல்லை. தன் காலில் விழுந்த விஜயாதித்தனுக்கே அருளியதாக அவருடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது! நாற்பது வருடமாகச் சோழர் எதிர்த்த அதே ஆளுக்கு.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்குச் சரியென்று படுவது இது: வீரராஜேந்திரனுக்கு அதிராஜேந்திரன் என்று ஒரு மகன் இருந்தான். மருமகனைத் தேடி வேங்கியில் வலுவாக உட்கார வைத்தால், நாளைக்குச் சோழ அரியணைக்கே போட்டியாக வருகிற ஒருவனுக்குத் தானே நாடும் படையும் கொடுத்த மாதிரி ஆகும். விஜயாதித்தன் உடம்பில் சோழ ரத்தம் ஒரு சொட்டும் இல்லை, அதனாலேயே அவன் ஆபத்தில்லாத ஆள். குலோத்துங்கன் அந்த வருடங்களில் வடக்கே சக்கரக்கோட்டத்திலும் வயிராகரத்திலும், இன்றைய பஸ்தர் பக்கம், போர் செய்துகொண்டும் யானை பிடித்துக்கொண்டும் இருந்ததாக அவருடைய ஆரம்பக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சும்மா காத்திருக்கவில்லை.

அடுத்து வீரராஜேந்திரன் இன்னொரு கல்யாணம் செய்து வைத்தார், இந்தக் கதையிலேயே பெரிய சூதாட்டம் அதுதான். 1068-இல் கல்யாணியின் சோமேசுவரன் தீராத காய்ச்சலால் துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டார். மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் பட்டத்துக்கு வந்தான், தம்பி விக்கிரமாதித்தனுக்கும் அவனுக்கும் ஆகவில்லை. அந்தத் தம்பியைப் பிடித்துத் தன் மகளைக் கட்டிக்கொடுத்தார் வீரராஜேந்திரன். எதிரி வீட்டுப் பிள்ளை மருமகனாகிவிட்டான். நாளைக்கு நமக்குப் பிறகு அதிராஜேந்திரனுக்கு ஒரு சிக்கல் வந்தால் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை.

1070-இல் வீரராஜேந்திரன் போய்விட்டார். இப்போது களத்தில் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள். அதிராஜேந்திரன், ஆண் வழி வாரிசு, சட்டப்படி அவனுடையதுதான். விக்கிரமாதித்தன், இறந்த ராஜாவின் மாப்பிள்ளை, தனக்கு அரியணை கேட்கவில்லை, மச்சானைக் காப்பாற்ற வந்தவன். குலோத்துங்கன், முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன், இரண்டாம் ராஜேந்திரனின் மாப்பிள்ளை. மூன்று பேரும் கல்யாணத்தால் ஒருவருக்கொருவர் சொந்தம்.

விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்ஹணர் எழுதிய வடமொழிக் காவியத்தின்படி, விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கி, சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் போய் மச்சானை அரியணையில் அமர்த்திவிட்டு, ஒரு மாதம் தங்கி, ஊர் திரும்பினான். திரும்பிய கொஞ்ச நாளில், உள்நாட்டுக் குழப்பத்தில் அதிராஜேந்திரன் உயிர்போனதும் வேங்கியின் 'ராஜிகன்' அரியணையைப் பிடித்ததும் அவன் காதுக்கு வந்தது. ராஜிகன் என்பது குலோத்துங்கன்தான். பில்ஹணர் எதிராளியின் ஆஸ்தான கவி என்பதை மறக்கக் கூடாது, அதே நேரம் சோழர் பக்கத்துக் கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் காக்கும் மௌனமும் நம்பிக்கை தருவதாக இல்லை. அதிராஜேந்திரன் கலகத்தில் கொல்லப்பட்டானா, நோயில் இறந்தானா, அதில் குலோத்துங்கன் கை இருந்ததா என்று இன்னமும் வாதம் நடக்கிறது. அவன் ஆட்சி சில மாதமே இருந்தது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

ஐரோப்பாவில் இதே மாதிரிக் கேள்வி வந்தபோது வேறு விதமாக முடிந்தது. 1328-இல் பிரான்ஸ் மன்னன் நான்காம் சார்லஸ் மகன் இல்லாமல் இறந்தான். அவன் தங்கை இசபெல்லா இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டவர், அவர் மகன் மூன்றாம் எட்வர்டு. அம்மா வழியில் எனக்குத்தான் நெருங்கிய உரிமை என்றான். பெண் வழியில் பட்டம் போகாது என்று பிரெஞ்சுப் பிரபுக்கள் சித்தப்பா மகன் வம்சத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1337-இல் தொடங்கிய போர் 1453 வரை இழுத்தது. எட்வர்டுக்கும் குலோத்துங்கனுக்கும் ரத்த உறவில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பேரும் மகள் வயிற்றுப் பிள்ளைகள். வித்தியாசம், பிரான்சில் பிரபுக்கள் ஒன்றாக நின்று ஒரு ஆண் வழி ஆளை உடனே நிறுத்தினார்கள், கங்கைகொண்ட சோழபுரத்தில் அப்படி நிறுத்த வலுவான ஆள் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, சட்டத்தைச் சொல்ல அந்த நாளில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

குலோத்துங்கன் உட்கார்ந்த பிறகு தன்னை நியாயப்படுத்திய விதமும் கவனிக்க வேண்டியது. தமிழ் மெய்க்கீர்த்தியில் அவர் முழுச் சோழர், சோழ மன்னர்கள் போட்டுக்கொள்ளும் ராஜகேசரி என்ற பட்டத்தோடு. தெலுங்கு நாட்டில் அவர் பிள்ளைகள் வெளியிட்ட செப்பேடுகளிலோ வம்சம் சந்திரனிலிருந்து தொடங்கிச் சாளுக்கிய வரிசையில் இறங்கி அவரிடம் வருகிறது. சோழர் சூரிய குலம், சாளுக்கியர் சந்திர குலம் என்று சொல்லிக்கொள்பவர்கள்; இவருக்கு இரண்டும் வசதி. இதையெல்லாம் ஊர் ஏற்றுக்கொண்டது என்றால் அதற்குக் காரணம் அவர் நன்றாக ஆண்டதுதான், சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்குகிற அளவுக்கு.

விக்கிரமாதித்தன் ஏற்றுக்கொள்ளவில்லை. மச்சானின் அரியணையில் வேறொருவன். குலோத்துங்கன் போய் விக்கிரமாதித்தனின் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனோடு கூட்டுச் சேர்ந்தார். அதாவது இப்போது சோழன் கல்யாணியின் குடும்பச் சண்டைக்குள் நுழைந்தான், கல்யாணி இத்தனை வருடம் வேங்கியில் செய்ததைத் திருப்பிச் செய்தான். 1076-இல் விக்கிரமாதித்தன் அண்ணனைத் தள்ளிவிட்டுத் தானே மன்னனாகி, தன் பெயரில் புது ஆண்டுக்கணக்கே தொடங்கினான். அப்புறம் இரண்டு பேரும் நாற்பது வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஆண்டார்கள்.

வேங்கி என்ன ஆனது? விஜயாதித்தன் 1075 வாக்கில் இறந்ததும் குலோத்துங்கன் தன் மகன்களை ஒருவர் மாற்றி ஒருவராக அங்கே ஆளுநராக அனுப்பினார். முதலில் போன மும்முடிச் சோடன் ஒரே வருடத்தில், அப்பா அம்மா காலடியில் இருக்கும் சுகம் ராஜ்யத்தில் இல்லை என்று திரும்பிவிட்டதாகச் செப்பேடு சொல்கிறது. (பையன் பிழைக்கத் தெரிந்தவன்.) கடைசியாக அங்கே இருந்த மகன் விக்கிரம சோழன் 1118 வாக்கில் சோழப் பட்டத்துக்காகத் தெற்கே கிளம்பி வர, வேங்கி நாயகன் இல்லாத நாடானது என்று பிதாபுரம் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கல்யாணியின் விக்கிரமாதித்தன் அப்போதும் உயிரோடு இருந்தான். அவனுடைய தளபதி அனந்தபாலன் உள்ளே வந்துவிட்டான்.